முதல் வரிசைப் பிள்ளைகள்

ஜாவாவின் கிளாத்தேன் ஊர் மேல்நிலைப் பள்ளியில் திங்கட்கிழமை காலை கொடி வணக்கம் முடிந்தால் பிள்ளைகள் வரிசையாக வகுப்புக்குப் போய்விட வேண்டும். வெனிங் வேதியியல் டீச்சராக வந்ததிலிருந்து அது ஒழுங்காக நடந்ததே கிடையாது. "பத்தாம் வகுப்பு மட்டும் நில்லுங்க!" என்று ஒரு குரல் வரும். ஐந்தடிகூட இல்லாத உடம்புக்குள்ளிருந்து அவ்வளவு பெரிய குரல் எப்படி வருகிறதென்று அவளுடைய தோழி எஸ்திக்கு விளங்கியதே இல்லை. இத்தனைக்கும் எஸ்தி உயிரியல் டீச்சர்.

பிறகு மைதானத்தில் தனிம அட்டவணை எழும்பும். ஒவ்வொரு பிள்ளையும் ஒரு தனிமம். மேலிருந்து கீழாக நிற்கும் ஒவ்வொரு வரிசையும் ஒரு குடும்பம். இடது ஓரத்து முதல் வரிசைக்காரர்கள் கையில் எலக்ட்ரானுக்குப் பதிலாக ஆளுக்கொரு கொய்யாக்காய் இருக்கும்; அதை யார் தலையிலாவது கட்டிவிட்டால்தான் அவர்களுக்கு நிம்மதி. வலது பக்கத்தில் குளோரின், புரோமின், அயோடின் என்று நிற்கிற குடும்பத்துக்கு ஒரே ஒரு கொய்யாக்காய் குறைகிறது. அது கிடைக்கும்வரை ஒருவரும் சும்மா நிற்க மாட்டார்கள். அவர்களுக்கும் அப்பால், கடைசி வரிசையில், யாரோடும் சேராத உயர்குடி வாயுக்கள் சோலோ அரண்மனை மனிதர்களைப் போலக் கையைக் கட்டிக்கொண்டு வானத்தைப் பார்ப்பார்கள்.

"முதல் வரிசை, உங்க குணத்தைக் காட்டுங்க!" என்பாள் வெனிங். "லித்தியம், நீ மெதுவா நீட்டு. சோடியம், நீ ஓடிப்போய்க் குடு. பொட்டாசியம், நீ தூக்கி எறி. சீசியம், நீ எறியறப்போ யார் மேல படும்னு பாக்கவே பாக்காத!"

ஒரு தடவை சீசியமாக நின்ற பையன் சொன்னபடியே செய்துவிட்டான். கொய்யாக்காய் போய்த் தலைமையாசிரியரின் கறுப்புத் தொப்பியைத் தட்டிவிட்டது. "எந்தக் குடும்பத்துப் பிள்ளைடா நீ?" என்று அவர் கத்த, வரிசை மொத்தமும் ஒரே குரலில் "முதல் வரிசை, ஐயா!" என்றது. அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

அந்தக் கூத்து முடிகிறபோது வெனிங் சொல்கிற வார்த்தை ஒன்று உண்டு. "பேரு வேற வேற. எடை வேற வேற. குணம் மட்டும் ஒண்ணு. ஒரு வீட்டுல ஒருத்தனைத் தெரிஞ்சா மிச்சப் பேரையும் பாதி தெரிஞ்ச மாதிரி."

எஸ்தி தாழ்வாரத்தில் பிளாஸ்டிக் பையில் ஐஸ் டீயை உறிஞ்சிக்கொண்டே இதைப் பார்ப்பாள். வெளியே கேலி செய்வாள். "உன் பிள்ளைங்க எல்லாம் புட்டில தூங்குதுங்க. என் தவளை மாதிரி ஒண்ணாவது குதிக்குமா?" என்பாள். உள்ளுக்குள் அவளுக்கு வியப்புதான். உலகத்தில் உள்ள கல், காற்று, கடல், இரத்தம் எல்லாவற்றையும் ஒரு சுவரில் மாட்டுகிற அளவுக்குச் சுருக்கி, அதிலும் யார் யாருக்குச் சொந்தம் என்று காட்டிவிட முடிகிறதே, மனுஷ மூளை சாதாரணமானதா என்று தோன்றும். இதே அட்டவணையைத் தன் பள்ளி நாளில் திட்டிக்கொண்டே மனப்பாடம் செய்தவள்தான் அவள். வெனிங் காட்டிய பிறகுதான் அது அழகாகத் தெரிந்தது.

அந்த வெனிங்குக்கு ஒரு ரகசியம் இருந்தது. ஆய்வகத்தில் ஒரு மதியம், வெள்ளை மாத்திரை ஒன்றை அவள் விழுங்குவதை எஸ்தி பார்த்துவிட்டாள்.

"என்னடி அது?"

"லித்தியம்."

"விளையாடாத."

"நிஜம்தான். எழுதிக் குடுத்தது டாக்டர், செஞ்சது கம்பெனி. ஆனா வரிசை அதேதான். முதல் வரிசை மூத்த பையன்."

கல்லூரியில் படிக்கும்போது அவளுக்கு மனம் ஒரு முறை ஏறிவிட்டது. வாரக்கணக்கில் தூக்கமில்லை. உடுப்பு, புத்தகம், வண்டி எல்லாவற்றையும் கண்டவருக்குத் தானம் செய்தாள். விடுதி அறையின் நான்கு சுவர்களிலும் அட்டவணையை வரைந்து வைத்தாள். அப்புறம் அதே மனம் இறங்கியது. மாதக்கணக்கில் படுக்கையை விட்டு எழவில்லை. இந்த மாத்திரை வந்த பிறகுதான் ஏற்றமும் இறக்கமும் அடங்கின.

"உலோகத்துலயே கனம் குறைஞ்சது இதுதான், தெரியுமா?" என்றாள் வெனிங். "எண்ணெயிலகூட மிதக்கும். அதுதான் என்னைப் பறந்து போகாம புடிச்சு வெச்சிருக்கு. யார்கிட்டயும் சொல்லிடாத எஸ்தி. வெளிய தெரிஞ்சா எங்கம்மா செத்துருவாங்க."

எஸ்தி சத்தியம் செய்தாள். அன்றிலிருந்து அவளுக்கு இந்தச் சிறுமேனிக்காரி மேல் மரியாதை இரட்டிப்பாயிற்று.

பிறகு கல்யாணம் அமைந்தது. மாப்பிள்ளை லுகித்தோ, பக்கத்து டெலாங்குவில் நில அளவைக்காரன். வெனிங் அவனிடம் முதலிலேயே எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். அவன் யோசித்துப் பார்த்து, "மாத்திரை சாப்பிட மறந்தா நான் ஞாபகப்படுத்தறேன்" என்றான், அவ்வளவுதான். ஆனால் தன் அம்மாவுக்கு இப்போது தெரிய வேண்டாம், கல்யாணம் முடிந்து பக்குவமாகச் சொல்லிக்கொள்ளலாம் என்றான். அதற்குக் காரணம் இருந்தது.

சுமியாத்தி அம்மா டெலாங்குவில் அரிசி ஆலை நடத்துகிறவள். கணவன் போன பிறகு தனியாளாக அதைத் தூக்கி நிறுத்தியவள். மூட்டை வண்டியைத் தானே ஓட்டுவாள். பெண் பார்க்க வந்த அன்றே, "நெல்லுலயும் சரி, மருமகள்லயும் சரி, நான் விதையைத்தான் மொதல்ல பாப்பேன். வித்துல குறை இருந்தா விளைச்சல்ல தெரியும்" என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். வெனிங்கின் அம்மா சட்டென்று தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டதை எஸ்தி மட்டும்தான் கவனித்தாள்.

சுமியாத்தி அம்மாவுக்கு ஒரே ஓர் ஆசை. கல்யாணத்துக்கு முன்னால் பெண் ஒரு வாரம் மூத்திஹ் விரதம் இருக்க வேண்டும். வெள்ளைச் சோறு, வெறும் தண்ணீர், வேறொன்றும் கூடாது. குழம்பு, சம்பல், இனிப்பு ஒன்றும் இல்லை. ஒரு கல் உப்புகூட இல்லை. அப்படி இருந்தால் மணமேடையில் பெண் 'பங்ளிங்' ஆகிவிடுவாள் என்பது ஜாவா முழுக்க உள்ள நம்பிக்கை. பங்ளிங் என்றால் நன்றாகத் தெரிந்த ஆளையே அடையாளம் தெரியாமல் போவது. இது நம்ம பெண்தானா என்று பெற்ற தாயே சந்தேகப்படுகிற அளவுக்கு அழகு கூடிவிடுமாம். மணப்பெண்ணை அதைவிடப் பெரிதாக ஒருவரும் புகழ முடியாது.

"எங்க ஆலை அரிசியே அனுப்பறேன் கண்ணு. வாசனைக்கே சோறு இறங்கும்" என்றாள் சுமியாத்தி அம்மா.

வெனிங் சந்தோஷமாகவே ஒப்புக்கொண்டாள். "ஒரு வாரம் சோறும் தண்ணியும் தானே? பரீட்சைப் பேப்பர் திருத்தறப்போ அதுவும் இல்லாமத்தானே இருக்கோம்" என்று எஸ்தியிடம் சொன்னாள். மாமியாரிடம் ஒரு பெரிய விஷயத்தை மறைத்திருக்கிறோமே, இந்தச் சின்ன விஷயத்தையாவது மனசாரச் செய்துவிட வேண்டும் என்று அவளுக்கு இருந்தது.

அத்தோடு அவளை வீட்டுக்குள் வைத்துவிட்டார்கள். கல்யாணம்வரை வாசல் தாண்டக் கூடாது, மாப்பிள்ளை கண்ணில் படக் கூடாது, போனும் அத்தையின் இடுப்பில் போய்விட்டது. எஸ்தி பள்ளி வேலையில் மூழ்கிப்போனாள். ஆசிரியர்கள் சேர்ந்து வாங்கிய பரிசை எடுத்துக்கொண்டு அவள் போய்ச் சேர்ந்தபோது விரதம் முடியும் தறுவாயில் இருந்தது.

வாசலில் பந்தல் எழும்பிக்கொண்டிருந்தது. சுமியாத்தி அம்மா சீர்த் தட்டுகளோடு அரிசி வண்டியிலேயே வந்து இறங்கியிருந்தாள். உள்ளே, கட்டில் ஓரத்தில் வெனிங்கை உட்கார வைத்து, ஒப்பனைக்காரி அவள் நெற்றியில் மணப்பெண்ணுக்கு வரைகிற கறுப்பு வளைவுகளுக்கு அளவு பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பாருங்க டீச்சர், பொண்ணு எப்படி ஆயிட்டா! இப்பவே பங்ளிங்!" என்றாள் ஒப்பனைக்காரி பெருமையாக.

எஸ்திக்கு நிஜமாகவே அடையாளம் தெரியவில்லை. ஆனால் அழகு காரணமில்லை. முகம் மெழுகாக வெளுத்திருந்தது. மடியில் கிடந்த கைகள் இரண்டும் நிற்காமல் நடுங்கின.

"எ...ஸ்தி" என்றாள் வெனிங். நாக்கு பெயரைச் சுற்றிக்கொண்டு வந்தது. "பேப்பர்... திருத்தி..." மிச்சம் வரவில்லை. எழுந்து நிற்கப் பார்த்தவள் ஒரு பக்கமாகச் சரிந்தாள், எஸ்தி தாங்கிக்கொண்டாள்.

"பயப்படாதீங்க. விரதம் வேலை செய்யுது. உடம்புல இருக்கற அழுக்கு எறங்கறப்போ நடுக்கம் வரும், வாந்தி வரும். காலைலகூட எடுத்தா. நல்ல சகுனம்" என்றாள் ஒப்பனைக்காரி. வாசலில் நின்ற அத்தைகள் தலையாட்டினார்கள்.

எஸ்தி அடுப்படிக்குப் போய் வெனிங்கின் அம்மாவை மடக்கினாள். "எத்தனை நாளாம்மா இப்படி?"

அந்த அம்மாவின் கண் அழுது வீங்கியிருந்தது. கதவைச் சாத்திவிட்டுக் கிசுகிசுத்தாள். "பழைய வியாதி திரும்பி வந்திருச்சு டீச்சர். பேச்சு குழறுது, நடை தள்ளாடுது. அவங்க எல்லாம் விரதம்னு நெனச்சுட்டு இருக்காங்க, அது மட்டும்தான் நல்லது. நான் மாத்திரையை ஒரு வேளையும் விடல. நேத்துலேருந்து ஒண்ணு கூடவே குடுக்கறேன்."

"கூடவா?"

"கூடக் குடுத்தா அடங்கும்னுதான்."

எஸ்தி சுவரில் சாய்ந்துகொண்டாள். பழைய வியாதி இப்படி இருக்காது என்று அவளுக்குத் தெரியும். அதில் பேச்சு அருவியாகக் கொட்டும், குழறாது. அப்படியானால் இது என்ன? மாத்திரை அதேதான். மாறியது சாப்பாடு மட்டும். சாப்பாட்டில் இல்லாமல் போனது என்ன? அடுப்பு மேல் மண் சட்டியில் உப்பு இருந்தது. அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

சிறுநீரகப் பாடத்தை அவள் எத்தனையோ முறை நடத்தியிருக்கிறாள். உப்பு வருவது நின்றுவிட்டால் சிறுநீரகம் கஞ்சனாகிவிடும். வெளியே போகிற சோடியத்தை எல்லாம் வழியிலேயே மறித்து, ஒன்று விடாமல் இரத்தத்துக்குள் திரும்ப இழுத்துக்கொள்ளும். அதைச் சொல்லிவிட்டுத் தேர்வுக் கேள்விக்குப் போய்விடுவாள். அந்த வாசல் வழியாக சோடியத்தின் சொந்தக்காரன் எவனாவது போனால் என்ன ஆகும் என்று யோசித்ததே இல்லை. குணம் மட்டும் ஒண்ணு என்று மைதானத்தில் கேட்ட குரல் இப்போது அடுப்படியில் கேட்டது.

"அம்மா, இது வியாதி இல்ல. மருந்து!" என்றாள். "லித்தியமும் உப்புல இருக்கற சோடியமும் ஒரே குடும்பம். உப்பே கெடைக்காம சிறுநீரகம் தவிச்சுப் போயிருக்கு. அதுக்கு இப்ப பங்ளிங். வெளிய போக வேண்டிய லித்தியத்தைத் தன் சோடியம்னு நெனச்சுப் புடிச்சுப் புடிச்சு உள்ள வெச்சுக்குது. அது ரத்தத்துல சேந்து வெஷமாயிருச்சு. இனிமே ஒரு மாத்திரைகூடக் குடுக்காதீங்க. இப்பவே ஆஸ்பத்திரி போகணும்."

அம்மா அவள் மணிக்கட்டை இறுகப் பிடித்தாள். "இப்ப எப்படிப் போறது? வாசல்லயே அவங்க இருக்காங்க. என்ன ஏதுன்னு கேப்பாங்க. கல்யாணமே நின்னுரும்."

"கல்யாணத்துக்குப் பொண்ணு வேணாமா?"

கேட்ட பிறகுதான் அது எவ்வளவு கொடூரமான கேள்வி என்று எஸ்திக்கு உறைத்தது. அந்த அம்மாவின் பிடி தளர்ந்தது. எஸ்தி செய்த சத்தியம் நினைவில் இருந்தது; வெனிங் பிறகு முகத்தில் விழிக்காமலே போகலாம். போனால் போகட்டும், அவள் உயிரோடு இருந்து கோபித்துக்கொள்ளட்டும் என்று பந்தலுக்குப் போனாள்.

"அம்மா, உங்க வண்டி வேணும். வெனிங்கை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகணும்."

சுமியாத்தி அம்மா நிமிர்ந்தாள். "பொண்ணு வாசல் தாண்டக் கூடாதே டீச்சர். விரத மயக்கம், தூங்கி எந்திரிச்சா சரியாயிரும்."

"மயக்கம் இல்லம்மா. அவ ஆறு வருஷமா மனசுக்கு ஒரு மருந்து சாப்பிடறா. உப்பில்லாம இருந்ததால அந்த மருந்து உடம்புல தேங்கி வெஷமாயிருக்கு. நேரம் ஆச்சுன்னா சிறுநீரகம் போயிரும், உயிரும் போயிரும்."

பந்தல் கட்டுகிறவர்கள்கூடச் சுத்தியலை நிறுத்தினார்கள். அத்தைகளில் ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டாள். வெனிங்கின் அம்மா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"மனசுக்கா?" என்றாள் சுமியாத்தி அம்மா. "என்கிட்ட மறைச்சீங்க, அப்படித்தானே?" அவள் முகம் சிவந்தது. எல்லோரும் அடுத்த வார்த்தைக்குக் காத்திருந்தார்கள். ஆனால் அவள் எஸ்தியைத் தாண்டி உள் அறையைப் பார்த்தாள். கட்டில் ஓரத்தில் அந்தச் சின்ன உருவம் நடுங்கிக்கொண்டிருந்தது.

"உப்பு கூடாதுன்னு சொன்னது நான்தானே" என்றாள், யாரிடமோ சொல்வது போல. அப்புறம் குரல் ஏறியது. "என்னய்யா வேடிக்கை பாக்கறீங்க? தட்டையெல்லாம் எறக்குங்க! ரோட்டுலயே வைங்க, ஒண்ணும் கெட்டுப் போகாது!"

பட்டுச் சேலையும் பழமும் அரிசிப் பணியாரமும் சாலையோரத்தில் இறங்கின. சுமியாத்தி அம்மா உடுத்தியிருந்த பட்டிக் துணியை முழங்கால்வரை தூக்கிச் செருகிக்கொண்டு வண்டியில் ஏறினாள். நடுவில் வெனிங், இந்தப் பக்கம் எஸ்தி. வழியில் வெனிங் சுமியாத்தி அம்மாவின் சரிகைச் சட்டை மேலேயே வாந்தி எடுத்தாள். "எடு கண்ணு, எடு, வெளிய வரட்டும்" என்று ஒரு கையால் அவள் முதுகைத் தடவிக்கொண்டே, எதிரே வந்த லாரியை வாய்க்கு வந்தபடி வைதுகொண்டு அவள் ஓட்டினாள். இப்படி ஒரு மனுஷியிடம் போய் மறைத்தோமே என்று எஸ்திக்கு வெட்கமாக இருந்தது.

மாவட்ட மருத்துவமனையில் இரத்தம் எடுத்தார்கள். லித்தியம் இருக்க வேண்டிய அளவைத் தாண்டி எங்கோ நின்றது. இன்னும் ஒரு நாள் விட்டிருந்தால் தன்னால் ஒன்றும் சொல்லியிருக்க முடியாது என்றார் டாக்டர். மருந்தை நிறுத்திவிட்டு, கையில் ஊசி குத்தி, ஒரு பையைத் தொங்கவிட்டார்கள். அதில் இருந்தது சுத்தமான தண்ணீரில் கரைத்த சாதாரண உப்புதான்.

அது சொட்டுச் சொட்டாக இறங்குவதை எஸ்தி இமைக்காமல் பார்த்தாள். சோடியம் தாராளமாக வரத் தொடங்கிவிட்டது. இனி சிறுநீரகம் தன் பிடியைத் தளர்த்தும். பிடித்து வைத்த லித்தியத்தைப் போக விடும். சுவரில் தொங்குகிற ஒரு படத்தில் மேலும் கீழுமாக இரண்டு கட்டங்கள். அவற்றின் உறவு தெரிந்ததால் ஓர் உயிர் திரும்பி வருகிறது. அந்த அட்டவணையை முதலில் யோசித்துப் பார்த்த மனுஷனை எஸ்தி மனசுக்குள் கையெடுத்துக் கும்பிட்டாள்.

மாப்பிள்ளை பார்க்கக் கூடாது என்ற கட்டுப்பாடெல்லாம் காற்றில் போயிருந்தது. லுகித்தோ அலுவலக உடுப்போடு ஓடி வந்தான்.

"உனக்குத் தெரியுமாடா?" என்றாள் அவன் அம்மா.

"தெரியும்மா."

"தெரிஞ்சும் விரதம் வேணாம்னு ஒரு வார்த்தை சொல்லல?"

"உப்புக்கும் மாத்திரைக்கும் சொந்தம் இருக்கும்னு நான் கண்டனாம்மா?"

"நெலத்தை அளந்து என்ன பிரயோஜனம்!" என்று அவன் தோளில் ஒரு அடி வைத்தாள். அடி பலமாகத்தான் விழுந்தது.

இரண்டு நாளில் நடுக்கம் அடங்கி, பேச்சு ஓரளவு நேரானது. எஸ்தி கட்டில் பக்கத்தில் உட்கார்ந்தாள். "சத்தியத்தை ஒடச்சுட்டேன்டி" என்றாள்.

வெனிங் மெதுவாகச் சிரித்தாள். "வருஷா வருஷம்... மைதானத்துல நிறுத்திக் காட்டறேன். என் உடம்புக்குள்ளயும் அதே வரிசை நிக்கும்னு... எனக்குத் தோணவே இல்ல பாரு. உனக்குத் தோணிச்சு." அவள் கையை நீட்டினாள். எஸ்தி பிடித்துக்கொண்டாள்.

அப்போது சுமியாத்தி அம்மா உள்ளே வந்தாள். அவள் போன் ஓயாமல் அடித்துக்கொண்டிருந்தது. குறித்த நாள் நெருங்கிவிட்டது; ஜோக்ஜாவிலிருந்தும் செமாராங்கிலிருந்தும் சொந்தங்கள் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். இதுவரை ஒருவருக்கும் அவள் பதில் சொல்லவில்லை. மூலையில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்த வெனிங்கின் அம்மா, வந்தவளைக் கண்டதும் எழுந்து நின்றாள்.

"இதை நான் எடுத்துத்தான் ஆகணும் கண்ணு" என்றாள் சுமியாத்தி அம்மா. "கேக்கறவங்களுக்கு என்ன சொல்லட்டும்? வயித்து வலின்னு சொல்லட்டுமா? நீ சொல்றதைச் சொல்றேன்."

வெனிங் தன் அம்மாவைப் பார்த்தாள். பிறகு திரும்பினாள். "உள்ளதைச் சொல்லுங்கம்மா. இந்த மருந்து எனக்கு... என்னைக்கும் வேணும். அதையும் சேத்துச் சொல்லுங்க. அப்புறம் உங்க இஷ்டம்."

சுமியாத்தி அம்மா போனைக் காதில் வைத்தாள். ஆலைச் சத்தத்தில் பேசிப் பழகிய குரல், அறைக்கு வெளியே தாழ்வாரம்வரை கேட்டது.

"ஆமாக்கா, தள்ளி வெச்சிருக்கோம். மருமகளுக்கு உடம்பு சரியில்ல. என்னவா? மனசுக்கு ஒரு மாத்திரை சாப்பிடறா, அது இந்த விரதத்தால ஒத்துக்காமப் போச்சு. ஆமா, மனசுக்குத்தான். உனக்கு சக்கரைக்கு இல்லையா, அது மாதிரி. இல்லக்கா, நிறுத்தல. நிக்காது. தள்ளிதான் வெச்சிருக்கோம்."

வெனிங்கின் அம்மா ஸ்டூலில் உட்கார்ந்தாள். ஆறு வருஷமாக வாய்க்குள்ளேயே வைத்திருந்ததை ஒருத்தி சளி, காய்ச்சல் போல இவ்வளவு சத்தமாகச் சொல்லிவிட்டாள். தாழ்வாரத்தில் போன ஒருவரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவள் முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டு அழுதாள். போன் மறுபடியும் அடித்தது, சுமியாத்தி அம்மா அடுத்த ஆளுக்கும் அதையே சொல்லத் தொடங்கினாள்.